வெல்லும் பரியும் கணிக்கும் அறிவும்

1. தோற்றுவாய்

ஒரு நாளில் ஓடவிருக்கும் குதிரைகளை முன்னரே ஆராய்ந்து, இன்னது வெல்லும் என உரைப்பது அறிவின்பாற் படுமா, அன்றிச் சூதின்பாற் படுமா? கேட்பதற்கு எளியதாய்த் தோன்றும் இவ்வினா, சென்னையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சட்டமன்றத்திலும் நீதிமன்றங்களிலும் நின்று நிலவியது. 1996ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமையை முதன்மையாகக் கொண்டது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் உயிர்நிலை யாதெனின், வெல்லும் குதிரையை ஆராய்ந்து கணித்தல் இயலும் என்பதே.

குதிரைப் பந்தயம் ஆராய்ச்சிக்குரிய பொருளாமோ எனச் சிலர் ஐயுறலாம். கண்டவற்றைக் கொண்டு காணாததைத் துணிதல் என்பது மனிதன் தொன்றுதொட்டு மேற்கொண்டு வரும் முயற்சி. அம்முயற்சி ஒரு நாளுக்குள்ளேயே சோதிக்கப்பட்டு, மெய்யோ பொய்யோ என மாலைக்குள் தெரிந்துவிடும் இடங்கள் உலகில் மிகச் சில. பந்தயக் களம் அவற்றுள் ஒன்று. ஆகலின், கணிப்பு என்னும் அறிவு எவ்வாறு தோன்றி வளர்ந்தது, அதன் எல்லை யாது என்பவற்றை ஆராய்வார்க்கு இது தக்கதொரு களமேயாம்.

கணிப்பு அறிவேயாயினும் அவ்வறிவு ஆதாயமாக மாறும் என்பது அதனாற் பெறப்படாது என்பது நாம் ஈண்டு நிறுவப் புகும் கருத்தாகும். இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொண்டமையாலேயே, பந்தயத்தைப் போற்றுவாரும் பழிப்பாரும் நெடுங்காலம் ஒருவர் கூற்றை ஒருவர் உணராது வாதிட்டனர்.

2. இலக்கணம் நோக்கும் மரபு

பதிவேடுகள் தோன்றுதற்கு முன்னர்க் குதிரையை மதிப்பிடுவோர்க்கு அதன் உடலே ஏடாக இருந்தது. நிறம், சுழி, குரல், நடை என்பவற்றைக் கொண்டு பரியின் தகுதியை அறியும் நூல்கள் வடமொழியில் பல எழுந்தன. அவற்றுள் நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாத்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1952ஆம் ஆண்டில் பதிப்பித்து வெளியிட்டது. கடல்வழி வந்த புரவிகளைப் பட்டினப்பாலை குறிப்பதனாலும், புறப்பொருள் வெண்பாமாலை குதிரை மறம் என ஒரு துறையே வகுத்தமையாலும், தமிழரும் குதிரையின் தகுதியைக் கூர்ந்து நோக்கினர் என்பது தெளிவாம்.

ஈண்டு நாம் கருதற்பாலது ஒன்றுண்டு. தோற்றம் கண்டு மதிப்பிடுவது பிழைக்கும் என்பதைப் பழையோர் நன்கு உணர்ந்திருந்தனர். புறநானூற்று 299ஆம் பாட்டில் பொன்முடியார் இருவகைக் குதிரைகளை எதிரெதிர் நிறுத்துகின்றார். சீறூர் மன்னனுடைய குதிரை உழுத்தஞ்சக்கை தின்று வளர்ந்தது. பெருவேந்தருடைய குதிரைகள் நெய் கலந்த உணவு உண்டு கொழுத்தவை. போர்க்களத்தில் முன்னது பகைப்படையைப் பிளந்து பாய, பின்னவை ஒதுங்கி நின்றன. ஊட்டமும் வனப்பும் ஓட்டத்திற்குச் சான்றாகா என்பது இப்பாட்டின் உட்பொருள்.

பாரதத்து நளன் கதையும் இதனையே வலியுறுத்தும். ஒரே நாளில் விதர்ப்ப நாடு சேர வேண்டிய நிலையில், நளன் மெலிந்த குதிரைகளைத் தேர்ந்து தேரிற் பூட்டுகின்றான். அரசன் இருதுபன்னன் அவற்றின் தோற்றங்கண்டு ஐயுறுகின்றான். நளனோ உடற்சுழிகளைச் சான்று காட்டி அவையே வல்லவை என்கின்றான். தேர் செல்லும் வழியில் இருதுபன்னன் தான்றி மரத்தின் இலைகளையும் கனிகளையும் நோக்கிய அளவில் எண்ணிச் சொல்ல, நளன் வியந்து, தன் பரிநூலறிவைக் கொடுத்து அவனுடைய எண்ணறிவையும் சூதறிவையும் பெறுகின்றான். நளவெண்பாவும் பாடும் இக்கதை தமிழர்க்கு நன்கு அறிமுகமானது.

குதிரையை அறிதல் ஒரு நூல். எண்ணிக்கையை அறிதல் மற்றொரு நூல். இரண்டும் வெவ்வேறு ஆளிடத்து இருந்தன என்பதே கதையின் அமைதி. பிற்காலப் பந்தயக் கணிப்பு இவ்விரண்டும் ஒருங்கு கூடிய இடத்திற் பிறந்தது. அக்கூட்டம் நிகழ்ந்த நாடு இங்கிலாந்து. காலம் பதினெட்டாம் நூற்றாண்டு.

3. பதிவேடு பிறந்த வரலாறு

1727ஆம் ஆண்டில் ஜான் செனி என்பார் இங்கிலாந்தில் அவ்வாண்டு நடந்த பந்தயங்களைத் தொகுத்து ஆண்டுத் தொகுப்பாக வெளியிடத் தொடங்கினார். எந்தக் குதிரை, எவ்விடத்தில், எவ்வெடை சுமந்து, எத்தனையாவதாக வந்தது என்பன அச்சேறின. பின்னர், 1773 முதல் வெதர்பி குடும்பத்தார் பந்தய நாட்குறிப்பை வெளியிட்டனர். அக்குடும்பத்தாரே 1791இல் குதிரைகளின் குலவரலாற்று நூலுக்கு முன்னோடிப் பதிப்பையும் வெளியிட்டனர். இன்று தரோபிரெட் என வழங்கும் பந்தயக் குதிரை இனம் முழுவதும் ஆண்வழியில் பயர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்பின் அரேபியன் என்னும் மூன்று பொலிகுதிரைகளின் வழித்தோன்றல் என்பது இப்பதிவுகளால் அறியப்படும்.

இம்மாற்றத்தின் அருமையை நாம் உணர்தல் வேண்டும். சுழி நோக்குவோன் தன் அறிவைப் பிறர்க்குக் காட்ட இயலாது. அவன் சொல்லை நம்புதல் அல்லது மறுத்தல் மட்டுமே பிறர்க்கு உரியது. பதிவேடோ எல்லார் கையிலும் ஒரே வடிவில் உள்ளது. அதனை வைத்து ஒருவர் ஒன்று கூறின், மற்றவர் அதே ஏட்டைக் காட்டி மறுத்துரைக்கலாம். கணிப்பு தனிமனிதரின் மறைபொருளாயிருந்த நிலை மாறி வாதத்திற்குரிய பொருளாயிற்று.

பழைய நிலையும் புதிய நிலையும் சந்திக்கும் இடத்தில் எக்லிப்சு என்னும் புகழ்பெற்ற குதிரை நிற்கின்றது. 1764இல் பிறந்த அது, 1769ஆம் ஆண்டு மே மாதம் எப்சம் களத்தில் முதன்முறை ஓடிற்று. அதற்குமுன் அதன் மறைவான ஓட்டப் பயிற்சியைக் காண உளவர் சிலர் சென்றனர் என்றும், காலந்தாழ்ந்து சென்றமையால் வழியில் ஒரு முதியவளை வினவி, வெண்கால் குதிரையொன்று ஏனையவற்றை வெகுதொலைவு பின்னிட்டு ஓடியதை அறிந்தனர் என்றும் கதை வழங்குகின்றது. முதற்சுற்றில் எக்லிப்சு வென்றபின், டென்னிஸ் ஓகெல்லி என்பார் அடுத்த சுற்றில் குதிரைகள் வரும் வரிசையையே கூறுவதாகப் பந்தயம் கட்டினார் என்ப. எக்லிப்சு முதலிடம் பெறும், ஏனையவற்றிற்கு இடமே இராது என்பது அவர் கூற்று. 240 கெசத்திற்கு மேற் பின்தங்கிய குதிரை வரிசையிற் சேராது என்பது அக்கால விதி. அவர் கூறியவாறே ஏனைய யாவும் அவ்வெல்லைக்கு அப்பால் நின்றன. எக்லிப்சு தான் ஓடிய பந்தயங்களுள் ஒன்றிலும் தோற்றதில்லை.

ஓகெல்லியின் கூற்றை இலக்கண நோக்கிற் காண்பது பயனுடைத்து. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்பன பற்றிக் காலம் மயங்கி வரும் என்பர் நன்னூலார். நிகழவிருப்பதை நிகழ்ந்ததுபோற் கூறுவார்க்குத் தெளிவு அடிப்படையாதல் வேண்டும். கண்ணாற் கண்ட முதற்சுற்று ஓகெல்லிக்கு அத்தெளிவைத் தந்தது. பிற்காலக் கணிப்புரைகளோ 'வெல்லும்' என்னாது 'வெல்லக்கூடும்' என்றே பெரும்பாலும் எழுதும். இவ்வையச்சொல் எழுதுவோரின் அச்சத்தால் மட்டும் வந்ததன்று. பந்தய முறையே மாறியதால் வந்தது. அம்மாற்றத்தை அடுத்துக் காண்போம்.

4. எடைச்சமன் முறை

எக்லிப்சு போன்ற குதிரை ஒவ்வொரு முறையும் வெல்லுமாயின் பந்தயத்திற்குப் பொருளில்லை. பணம் கட்டுவாரும் இரார். ஆகலின் வல்ல குதிரைக்கு மிகுந்த எடையும், மெல்லியதற்குக் குறைந்த எடையும் ஏற்றி, எல்லாம் ஒருங்கே எல்லை சேருமாறு சமன் செய்யும் முறை தோன்றிற்று. அதனை ஹாண்டிகாப் என்பர். இம்முறையை ஒழுங்குபடுத்தியவருள் தலையாயவர் கடற்படைத் தலைவர் ஹென்றி ஜான் ரவுஸ் ஆவர். 1795இல் பிறந்து 1877இல் மறைந்த அவர், 1850இல் பந்தயச் சட்டங்கள் பற்றி நூலெழுதினார்; 1855இல் பொது எடைவகுப்பாளர் பொறுப்பை ஏற்றார். குதிரையின் வயதுக்கும் ஆண்டின் பருவத்திற்கும் ஓடும் தொலைவுக்கும் ஏற்ப எடையை வகுத்த அவருடைய அட்டவணையே, பல திருத்தங்களுடன், பிற்காலத்திற்கும் அடிப்படையாயிற்று.

எடைக்கும் தொலைவுக்கும் உள்ள உறவைப் பந்தயத்தார் ஓர் எளிய அளவையால் கூறுவர். ஏறத்தாழ 1600 மீட்டர் ஓட்டத்தில் ஒரு குதிரை நீளம் என்பது 2 பவுண்டு எடைக்கு, அஃதாவது கிட்டத்தட்ட ஒரு கிலோவிற்கு, ஈடாகும் என்ப. ஒரே எடை சுமந்து இரு குதிரை நீளம் முந்திவந்த குதிரை, அடுத்த முறை இரு கிலோ கூடுதலாகச் சுமப்பின், இரண்டும் ஏறத்தாழ ஒருங்கே வரல் வேண்டும் என்பது கணக்கு.

இதனாற் பெறப்படுவது யாது? எடைவகுப்பாளரும் ஒரு கணிப்பாளரே. அவர் பதிவேடு முழுவதையும் ஆராய்ந்து, எல்லாக் குதிரைகளும் ஒருங்கே வரும் எனக் கணித்து எடை வகுக்கின்றார். செய்தித்தாளிற் கணிப்பெழுதுவோரோ அவர் எவ்விடத்தில் தவறினார் என்று தேடுகின்றார். அண்மையில் நலம்பெற்றுத் தேறிய குதிரை, முன்னைய ஓட்டத்தில் வழிமறிக்கப்பட்டுத் தோற்ற குதிரை, தனக்கேற்ற தொலைவு கிடைக்காது பின்தங்கிய குதிரை ஆகியவற்றின் உண்மை ஆற்றல் பதிவேட்டின் எண்களில் முழுதும் வெளிப்படாது. எண்ணுக்கும் உண்மைக்கும் இடையேயுள்ள அவ்விடைவெளியே கணிப்பாளருக்குரிய நிலம். அந்நிலம் சிறிதாகலின், அவர் கூற்றும் ஐயத்தொடு கூடியதாயிற்று.

5. ஒருநாட் கணிப்பின் உறுப்புகள்

இம்முறைகள் யாவும் ஆங்கிலேயரோடு இந்தியாவிற்கு வந்தன. சென்னையில் கிண்டிப் பந்தயங்கள் 1777ஆம் ஆண்டளவிலேயே தொடங்கின என்பது சென்னைப் பந்தயக் கழகத்தின் வரலாற்று மரபு. அக்கழகம் 1896இல் புதிதாக அமைக்கப்பெற்றது. குளிர்காலத்தில் கிண்டியிலும் கோடையில் உதகமண்டலத்திலும் பந்தயங்கள் நிகழ்வது நெடுநாள் வழக்கமாயிருந்தது.

சென்னை நாளிதழ்களில் வெளிவந்த ஒருநாட் பந்தய முன்னோட்டத்தைப் பகுத்து நோக்கின், அதன் உறுப்புகள் இவை எனலாம். முதலாவது, ஒவ்வொரு பந்தயத்தின் தொலைவும், அதில் ஓடத் தகுதிபெற்ற குதிரைகளின் தரவரம்பும். 1000 அல்லது 1200 மீட்டர் விரைவோட்டத்தில் வல்லது 2000 மீட்டரில் களைத்துவிடும். நெடுந்தொலைவில் வல்லது குறுந்தொலைவில் வேகமெடுக்கும் முன்னரே பந்தயம் முடிந்துவிடும். இரண்டாவது, சுமக்கும் எடை. மூன்றாவது, ஜாக்கியும் பயிற்சியாளரும். முதன்மையான ஜாக்கி, ஒரே பந்தயத்தில் தமக்குக் கிடைக்கக்கூடிய இரு குதிரைகளுள் எதனைத் தேர்ந்தார் என்பது கணிப்பாளர்க்கு ஒரு குறிப்பாம். நான்காவது, தொடங்குமிடத்தில் சீட்டெடுத்துப் பெற்ற வரிசை. வளைவு அணித்தாயின் உட்புறத்திலிருப்பது நன்மை தரும். ஐந்தாவது, தரையின் நிலை. மழைக்குப்பின் நெகிழ்ந்த தரையில் ஓடவல்லதும் உலர்ந்த தரையில் ஓடவல்லதும் வேறு.

ஆறாவதாக உள்ளது இந்தியப் பந்தய இதழ்களில் பெரிதும் காணப்படும் ஒரு கூறு. பந்தய நாளுக்கு முன் விடியற்காலையில் நடக்கும் ஓட்டப் பயிற்சியைக் களத்தில் நின்று கண்டு, 600 அல்லது 800 மீட்டரை இன்ன குதிரை இத்தனை நொடியில் கடந்தது, எளிதாக ஓடியது, தூண்டப்பட்டு ஓடியது என்றெல்லாம் நாள்தோறும் எழுதுவர். எக்லிப்சின் பயிற்சியை ஒளிந்து காணச் சென்ற உளவரின் தொழில், ஈண்டு வெளிப்படையான செய்தித் தொழிலாகிவிட்டது. ஆயின் நொடிக்கணக்கு மட்டும் போதாது; எளிதாக ஓடி எடுத்த 50 நொடியும், முழு ஆற்றலும் செலவிட்டு எடுத்த 50 நொடியும் ஒன்றல்ல. அவ்வேறுபாட்டைக் காண்பது பழகிய கண். சுழி நோக்கும் மரபு முற்றும் மறைந்துவிடவில்லை. கடிகாரத்தோடு இணைந்து வாழ்கின்றது என்றே கூறல் வேண்டும்.

உதகைப் பந்தயங்கள் பற்றிய முன்னோட்டங்களில் மற்றொரு நுட்பமும் தோன்றும். கடல்மட்டத்தை ஒட்டிய கிண்டியினின்று 2200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள உதகைக்குச் செல்லும் குதிரைக்கு மூச்சும் தரையும் மாறுகின்றன. கிண்டியில் பெற்ற வெற்றியை அவ்வாறே உதகைக்கு எடுத்துச் செல்லலாகாது. ஒரு நூலின் பாடத்தை மற்றொரு சுவடியோடு ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர், சுவடி எழுந்த இடத்தையும் காலத்தையும் கருதுவது போன்றதே இது.

இவ்வாராய்ச்சியின் இறுதியில் ஒவ்வொரு பந்தயத்திற்கும் முதல், இரண்டு, மூன்று என மும்பெயர் தரப்படும். அன்றைய பந்தயங்கள் அனைத்திலும் மிக உறுதியானதென ஒன்றும் தனியே சுட்டப்படும். மும்பெயர் தருவதன் காரணம் வெளிப்படை. மிகப் பலர் விரும்பிப் பணம் கட்டும் குதிரையும், பொதுவாக நோக்கின், மூன்று பந்தயங்களில் ஒன்றளவே வெல்லும். ஆராய்ந்த கணிப்பும் மூன்றில் இருமுறை தவறும் என்பதே இதன் பொருள்.

6. விலையும் கணிப்பும்

இதுகாறும் கூறியவற்றால் கணிப்பு அறிவுடைச் செயலே என்பது போதரும். கண்ணை மூடிக்கொண்டு பத்துக் குதிரையுள் ஒன்றைத் தொடுவானுக்குப் பத்தில் ஒருமுறை கிட்டும் வெற்றி, ஆராய்வானுக்கு மூன்றில் ஒருமுறை கிட்டுமாயின், அவ்வேறுபாடு அறிவின் பயனன்றோ? ஆயின் இவ்விடத்தில் மற்றொரு வினா எழுகின்றது. பணம் கட்டுவோன் பெறுவது வெற்றியின் எண்ணிக்கையால் மட்டும் அமைவதன்று. வெல்லும் குதிரைக்குரிய விலையாலும் அமைவது.

மூன்று பந்தயங்களில் ஒவ்வொன்றுக்கும் 100 ரூபாய் கட்டி, ஒன்றில் வென்றான் ஒருவன் என்க. 2 ரூபாய்க்கு 3 ரூபாய் என்பது விலையாயின், வென்ற பந்தயத்தில் முதலொடு 250 ரூபாய் திரும்பும். அவன் கட்டியதோ 300 ரூபாய். அவனுடைய கணிப்பு நல்லதே. ஆயினும் 50 ரூபாய் இழப்பு.

விலை வகுப்போரின் கணக்கையும் நோக்குவோம். ஐந்து குதிரைகள் ஓடும் பந்தயத்தில் முதற் குதிரைக்கு ஒன்றுக்கு ஒன்று, அடுத்ததற்கு ஒன்றுக்கு மூன்று, அதற்கடுத்ததற்கு ஒன்றுக்கு நான்கு, எஞ்சிய இரண்டற்கும் ஒன்றுக்கு ஒன்பது எனப் புக்மேக்கர் விலை கூறுவதாகக் கொள்வோம். இவற்றை நூற்றுவீதமாக்கின் 50, 25, 20, 10, 10 ஆகும், கூட்டுத்தொகை 115. இவ்வளவில் பகுத்து 115 ரூபாய் கட்டுவோனுக்கு எக்குதிரை வெல்லினும் 100 ரூபாயே திரும்பும். மிகுந்த 15 ரூபாய் விலை வகுத்தோர்க்குரியது. கணிப்பாளர் ஏனையோரினும் சிறிது அறிந்தால் போதாது. இவ்விடைவெளியைக் கடக்குமளவு மிகுதியாக அறிதல் வேண்டும்.

1860களில் பாரிசில் ஜோசப் ஒல்லே என்பார் வேறொரு முறையைக் கண்டார். எல்லாரும் கட்டும் பணத்தைத் தொகுத்து, ஒரு பகுதியைக் கழித்து, எஞ்சியதை வென்றவர்க்குப் பகிர்ந்தளிக்கும் முறை அது. 1913இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்து எல்லர்சுலி களத்தில் ஜார்ஜ் ஜூலியஸ் அமைத்த தானியங்கி எண்பொறி இம்முறையைப் பெருவழக்காக்கிற்று. டோட்டலைசேட்டர் என்று சென்னையிலும் வழங்கியது இம்முறையே. இதில் ஒருவர் மற்றொருவருடைய கணிப்பையே எதிர்க்கின்றார். கழிவு போக எஞ்சியதே பகிரப்படுதலின், கட்டுவோர் அனைவரையும் ஒருங்கு நோக்கின் இழப்பே நிற்கும்.

இனி, மக்கள் கணிப்பு எத்தகையது என்பதையும் அறிஞர் ஆராய்ந்தனர். 1949இல் அமெரிக்க உளவியல் அறிஞர் கிரிஃபித் வெளியிட்ட ஆய்வு, வெல்லும் வாய்ப்பு மிக்க குதிரைகளுக்கு மக்கள் அவற்றின் தகுதிக்குக் குறைவாகவும், வாய்ப்பு அரிதாகிய குதிரைகளுக்குத் தகுதிக்கு மிகுதியாகவும் பணம் கட்டுகின்றனர் என்று காட்டிற்று. சிறிது கொடுத்துப் பெரிது பெறும் ஆசை, தெரிந்த அறிவையும் மறைத்துவிடுகின்றது என்பதே இதன் கருத்து. பின்னர், வில்லியம் பென்டர் என்பார் ஆங்காங் பந்தயங்களுக்குக் கணிப்பொறியால் வாய்ப்பளவு கணித்துப் பெரும்பொருள் ஈட்டினார். 1994இல் வெளிவந்த தம் கட்டுரையில் அவர் கூறிய ஒரு செய்தி நம் கருத்திற்கு இன்றியமையாதது. தம் கணக்கைத் தனியே பயன்படுத்துவதினும், அதனைப் பொதுமக்கள் கட்டிய பணத்தால் அமையும் விலையோடு இணைத்துப் பயன்படுத்துவதே சிறந்த பயன் தந்தது என்பதே அது. விலையினுள்ளேயே பலருடைய அறிவு செறிந்து கிடக்கின்றது. நீ அறிந்ததைப் பிறரும் அறிந்தாராயின், அவ்வறிவு முன்னரே விலையில் ஏறிவிட்டது. அதனால் உனக்கு ஆதாயமில்லை.

பென்டரின் வெற்றி, கணிப்பு ஆதாயமாதலும் கூடும் என்பதற்குச் சான்றே. ஆயின் அவ்வெற்றிக்கு வேண்டிய பொருளும் பொறியும் ஆளும் காலமும் நோக்குவார்க்கு, வாரக்கூலியொடு களத்திற்குச் செல்லும் ஒருவனுக்கு அது வழியாகாது என்பது விளங்கும். நளன் பெற்ற இரு நூலறிவும் ஒருங்கே கைவந்தாரிடத்தன்றி அது நிகழாது.

7. சென்னைச் சட்டமும் தீர்ப்பும்

இனிச் சட்டத்தின் வரலாற்றிற்கு வருவோம். 1888ஆம் ஆண்டுச் சென்னை நகரக் காவற் சட்டமும் 1930ஆம் ஆண்டுச் சென்னைச் சூதாட்டச் சட்டமும் பந்தயம் கட்டுதலைச் சூது எனக் கொண்டன. ஆயின் குதிரைப் பந்தயத்திற்கு விலக்களித்தன. பந்தயம் ஓடும் அந்நாளில், களத்தின் உள்ளே அதற்கென ஒதுக்கிய இடத்திற் கட்டுதல் சூதாகாது என்பது அவ்விலக்கின் சாரம். அன்றியும், திறமை ஒன்றையே சார்ந்த ஆட்டங்களுக்கு அச்சட்டங்கள் பொருந்தா என்னும் பிரிவும் அவற்றில் இருந்தது.

1949ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் குதிரைப் பந்தய விலக்கை நீக்கிற்று. 1970களின் நடுவில் அரசு அதனை நடைமுறைக்குக் கொணர முற்பட்டதோடு, பந்தயத்தையே ஒழிக்க 1974இல் தனிச்சட்டமும் இயற்றிற்று. பந்தயத்தால் குடும்பங்கள் சீரழிகின்றன என்பது ஒழிப்பை வேண்டினோர் கருத்து. பந்தயக் கழகம் நீதிமன்றத்தை நாடிற்று. வழக்கு நிலுவையில் இருந்தபோதே, 1986இல் கழகத்தை அரசே ஏற்றுக்கொள்ளச் சட்டம் பிறந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் கழகத்தின் வாதம் ஏற்கப்படாமையால் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது.

உச்ச நீதிமன்றத்தின்முன் வழிகாட்டும் தீர்ப்புகள் முன்னரே இருந்தன. 1957இல் பரிசுப் போட்டிகள் பற்றிய வழக்கில், பெருமளவு திறமை வேண்டும் போட்டி சூதாகாது என்னும் அளவுகோல் வகுக்கப்பட்டது. 1968இல் ரம்மி ஆட்டம் முதன்மையாகத் திறமையின்பாற்பட்டது என உரைக்கப்பட்டது. இவற்றைப் பின்பற்றி நீதிபதி குல்தீப் சிங் 1996இல் எழுதிய தீர்ப்பு, 'திறமை ஒன்றையே' என்னும் சொற்றொடர்க்கு 'பெரும்பான்மையும் திறமையையே' எனப் பொருள் கொண்டது. குதிரையின் ஆற்றலும் நலமும், ஜாக்கியின் திறன், சுமக்கும் எடை, ஓடும் தொலைவு ஆகியன பணம் கட்டுவோர் ஆராய்ந்து மதிப்பிடத்தக்க புறநிலைச் செய்திகள் என்றது. பரிசுச்சீட்டில் அத்தகைய ஆராய்ச்சிக்கு இடமில்லை என்றும் வேறுபடுத்திற்று. ஆகவே 1949, 1974ஆம் ஆண்டுச் சட்டங்கள் பந்தயத்தைத் தடுக்கமாட்டா என்றும், 1986ஆம் ஆண்டுச் சட்டம் அரசியலமைப்பிற்கு முரண் என்றும் முடிவாயிற்று.

தீர்ப்பு எடுத்துக்காட்டிய செய்திகளை முற்பகுதியில் நாம் கண்ட முன்னோட்டத்தின் உறுப்புகளோடு ஒப்புநோக்குக. இரண்டும் பெரும்பாலும் ஒன்றே. எனவே, செனி முதலானோர் தொடங்கிய பதிவேட்டு மரபே இத்தீர்ப்பிற்கு அடித்தளம் எனின் மிகையாகாது. சுழி நோக்குவோன் ஒருவனே சான்றாயிருப்பின், நீதிமன்றம் அதனைப் புறநிலைச் செய்தி என ஏற்றிராது.

8. முடிவுரை

சட்டம் வினவியது, கணித்தல் இயலுமா என்பது. அதற்கு உச்ச நீதிமன்றம் கூறிய விடை வரலாற்றோடு பொருந்துவதே. ஆயின் பந்தயத்தை ஒழிக்க வேண்டினோர் வினவியது வேறு; பணம் கட்டும் எளியோன் வாழ்வானா என்பது. திறமை உண்டு என்னும் விடை இவ்வினாவிற்கு விடையாகாது. திறமை மிக்கோரும் விலையின் இடைவெளியைக் கடத்தல் அரிது என்பதை மேலே கண்டோம்.

திருவள்ளுவர் இவ்விரு வினாக்களையும் கடந்து நின்றார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே 94ஆம் அதிகாரமாகச் சூதினை வைத்த அவர், சூதில் தோற்பதை மட்டும் இழிவெனக் கொண்டிலர். அதில் வெல்வதையும் தூண்டில் விழுங்கிய மீனின் நிலையோடு ஒப்பிட்டு விலக்கினார். திறமையால் வந்த வெற்றியா, தற்செயலால் வந்த வெற்றியா என அவர் பகுக்கவில்லை. ஆகலின் திறமை என்னும் வாதம் சட்டத்தின்முன் வெல்லும். அறத்தின்முன் அது தொடங்கவே இல்லை.

2024ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தமிழ்நாடு அரசு, 1945ஆம் ஆண்டுக் குத்தகையை இரத்துச் செய்து, 160 ஏக்கருக்கு மேற்பட்ட கிண்டிக் களத்தைக் கையகப்படுத்தியது. அதுவும் நீதிமன்றம் சென்றது. இம்முறை வழக்காடப்பட்டது நிலத்தின் உரிமை பற்றியதேயன்றிக் கணிப்பின் தன்மை பற்றியதன்று. நில வழக்கின் முடிவு எதுவாயினும், கிண்டியின் பழைய பந்தய முன்னோட்டங்களும் ரேஸ் புத்தகங்களும் காலைப் பயிற்சிக் குறிப்புகளும் காக்கப்படல் வேண்டும். ஒரு நகரத்து மக்கள் எவ்வாறு ஆராய்ந்தனர், எவ்வாறு ஆசையால் ஆராய்ச்சியைக் கைவிட்டனர் என்பதற்கு அவை நாள்தோறும் எழுதப்பட்ட சான்றுகள். அன்றைய மாலை முடிவுகளொடு வைத்து அவற்றை ஒப்புநோக்குவது, இத்துறையிற் புகும் இளைய ஆராய்ச்சியாளர்க்கு நல்லதொரு பணியாகும்.